‘ஒரு வாரம் படுத்திருந்தால் சரியாகிவிடுமாம்!’

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழ் மருத்துவப் பகுதியில் ‘வைரஸ் காய்ச்சல்தானே, ஒரு வாரம் நன்றாகப் படுத்து ஓய்வெடுத்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்று ஒரு வரி. அதோடு பத்திரிகையை மூடிவைத்தவன் அன்று முழுக்கத் திறக்கவில்லை.

என் மனைவியும் அப்படித்தான் படுத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம், ஃப்ளூ. ஒன்பது நாள் கட்டிலோடு கிடந்தாள், தண்ணீர் கொடுத்தால் கசக்கிறது என்பாள், நான் மிளகு ரசமும் ஆவியுமாக அலைந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டது. அப்புறம் இடது கெண்டைக்கால் மட்டும் வலித்தது, லேசாக வீங்கியும் இருந்தது. நரம்பு இழுத்திருக்கும் என்று தைலம் போட்டு நீவிவிட்டது நான்தான். (அப்படிப்பட்ட காலை நீவவே கூடாது என்று பிறகு சொன்னார்கள். இன்னும் கை கூசுகிறது.) மூன்றாம் நாள் நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். தெருமுனை கிளினிக்கில் ‘சளி போகல, வாயுவும் இருக்கு’ என்று மாத்திரை. மறுநாள் விடியற்காலை ஆம்புலன்ஸ். சிடி ஸ்கேனில்தான், காலில் உறைந்த ரத்தம் நகர்ந்துபோய் நுரையீரல் குழாயை அடைத்திருப்பது தெரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி வயிற்றில், ஆறு மாதம் மாத்திரை. பிழைத்துக்கொண்டாள்.

வைரஸோடு உடம்பு மல்லுக்கட்டும்போது ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, குழாயின் உள்சுவர் புண்படுகிறது, கிடந்த கிடையில் காலில் ரத்தம் தேங்குகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்ன! சுவாசத் தொற்று வந்த முதல் இரண்டு வாரத்தில் கால் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2006லேயே ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்துவிட்டது. நுரையீரல் ரத்தக்கட்டிக் கணக்கை மட்டும் அந்த ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை; அந்தக் கட்டியையே முதலில் நெஞ்சுச்சளி என்று பதிந்திருக்கலாமாம். எங்கள் தெருமுனை கிளினிக் நினைவுக்கு வந்தது. கொரோனாவுக்கு ஸ்வீடனில் பத்து லட்சம் பேருக்கு மேல் எடுத்த கணக்கில் முதல் 30 நாளில் நுரையீரல் ரத்தக்கட்டி 33 மடங்கு, ஆபத்து ஆறு மாதம் வரை. வந்தது பத்தாயிரத்தில் 17 பேருக்குத்தான், சரி. அந்தப் பதினேழில் ஒருவர் நம் வீட்டில் இருந்தால்?

ஆனால் 2024இல் கோவிஷீல்டு விவகாரம் கிளம்பியபோது உங்களுக்கு ரத்தக்கட்டி மேல் வந்த பாசம் இருக்கிறதே! மூன்று வாரம் அட்டைப்படக் கட்டுரை. ஊசியால் அபூர்வமாக வருவதற்கு அத்தனை பக்கம், நோயாலேயே வருவதற்கு ஒரு வரி கிடையாது. அப்போதும் எழுதினேன், போடவில்லை. அதற்கு முன் டெங்கு பற்றி எழுதியதையும் போடவில்லை. சந்தா முடிகிறது என்ற நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தடவை காய்ச்சல் பற்றிப் போடும்போது ஓரமாக ஒரு சின்னக் கட்டம்: ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முடிந்தவரை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். அவ்வளவுதான். இடமில்லை என்றால் ராசிபலனில் கடகத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு அந்த ராசிதான். ஆம்புலன்ஸ் வந்த வாரம் ‘ஆரோக்கியம் சீராகும்’ என்று போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்,
திருச்சி