வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: "நாலு ஸ்பிரிங்குக்கா இவ்வளவு பில்?"

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சில வாரமாக ஒரு வாய்ஸ் நோட் காரைக்குடியில் கிளம்பி, தேவகோட்டை, பள்ளத்தூர் எல்லாம் சுற்றி, கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர் மூலம் எனக்கே வந்து சேர்ந்தது. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பட்டறையில் ஒரு ஃபோர்டு மஸ்டாங் காருக்கு "நாலு ஸ்பிரிங்கும் கொஞ்சம் ரப்பரும் மாற்றிவிட்டு லட்சக்கணக்கில் பில் போட்டார்கள், ஒரு குதிரைத்திறன்கூட ஏறவில்லை" என்பதுதான் அதில் உள்ள பேச்சு. பேசிய அண்ணன் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் வண்டி இன்னும் நம்மிடம்தான் சர்வீஸுக்கு வருகிறது.

பில் அதிகம் என்றால் கேட்டுக்கொள்ளலாம், யாரும் சொல்வதுதான். குதிரைத்திறன் ஏறவில்லை என்றதுதான் சுருக்கென்று தைத்தது. ஏறாதுதான். நாங்கள் இன்ஜினைத் தொடவே இல்லையே! 5 லிட்டர் வி8, ஏறக்குறைய 400 குதிரைத்திறன். அதையே ரேஸ் டிராக் திருப்பத்தில் தரையில் இறக்க முடியவில்லை என்றுதான் அண்ணன் நம்மிடம் வந்தார்.

சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். நேர்ப்பாதையில் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். நேரம் கைவிட்டுப் போவது திருப்பத்தில். இந்த வண்டி 1,700 கிலோவுக்கு மேல், அதில் பாதிக்கு மேல் முன்சக்கரத்தில் நிற்கிறது. பிரேக் அடித்தால் மூக்கு குனியும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் உடம்பு வெளிப்பக்கம் சாயும். அப்போது வெளிப்பக்க முன்டயர் முழு அகலமும் தரையில் படியாமல், செருப்பின் ஓரத்தில் நடப்பதுபோல விளிம்பில் ஓடும். மேலும் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். கம்பெனியில் இதைத் தெரிந்தேதான் வைக்கிறார்கள். சாதாரணமாக ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் வீசுவதைவிட முன்பக்கம் வழுக்குவது ஆபத்து குறைவு.

அதனால் முன்டயரின் மேல்பாகத்தை 2 டிகிரிக்குச் சற்று மேலாக உள்பக்கம் சாய்த்தோம். வண்டி சாயும்போது டயர் நிமிர்ந்து தரையில் படியும். பின்னால் ஆன்டி ரோல் பாரை, அதாவது வண்டி சாய்வதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியை, கெட்டியாக்கினோம், முன்பக்கம் வழுக்குவது குறையும். பார் போட்டால் எடை வெளிப்பக்கம் போவதே நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிற்காது. அது வண்டியின் எடைமையம் எவ்வளவு உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்ற பங்கைத்தான் நாம் மாற்ற முடியும்.

அந்த "கொஞ்சம் ரப்பர்" விஷயத்துக்கு வருகிறேன். முந்தைய மஸ்டாங்குகளில் பெரும்பாலும் பின்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அச்சுதான். 2015 மாடலிலிருந்து இரண்டு பின்சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன். அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேம், புஷ் என்ற ரப்பர் வளையங்களில் உட்கார்ந்திருக்கிறது. முழுசாக மிதித்தால் புஷ் நசுங்கிப் பின்சக்கரம் தத்தித் தத்தித் துள்ளும், பிடிப்பு போய்விடும். கெட்டி புஷ் போட்டால் அது அடங்கும். புஷ் கையளவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதை மாற்ற சப்ஃபிரேமை இறக்கி ஏற்றுகிற பாடு வாய்ஸ் நோட்டில் வராது. ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். தெருவில் நன்றாக இருக்கும் ஷாக், டிராக்கில் சில சுற்றிலேயே எண்ணெய் சூடாகித் தளர்ந்துவிடும்.

செக்காலை ரோட்டு வேகத்தடையில் இடுப்பு ஒடிகிறது என்றும் அந்த வாய்ஸ் நோட்டில் ஒரு வரி உண்டு. டிராக்குக்குக் கட்டிய வண்டியில் ஆச்சியை உட்கார வைத்துப் பிள்ளையார்பட்டி போக வேண்டாம் என்று முதலிலேயே சொன்னோம், எஸ்டிமேட்டிலும் எழுதியிருக்கிறது. (மஸ்டாங் பின்சீட்டில் ஆச்சி எப்படியும் உட்கார மாட்டார்கள், அது வேறு.) முதலில் நல்ல டயர், பிரேக் பேட், புது பிரேக் ஆயில் போடுங்கள், மிச்சம் இருந்தால் சஸ்பென்ஷன் பார்க்கலாம் என்றும் சொன்னோம். இது யார் வந்தாலும் நாங்கள் சொல்வதுதான். நம் லாபத்துக்கு எதிரான யோசனை, ஆனாலும் சொல்கிறோம்.

இந்தப் பேச்சு சுற்றியபோது, போன் போட்டு "நீ வேலையைப் பாரப்பா" என்றவர்களை மறக்க மாட்டேன். அப்பா காலத்திலிருந்து அம்பாசடருக்கு ஸ்பிரிங் பட்டை கட்ட வருகிறவர்கள், கான்டெசாவை இன்னும் விற்காமல் வைத்திருப்பவர்கள், கானாடுகாத்தான் வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டியின் சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளிநாடு போகிறவர்கள். இந்தப் பட்டறை நீங்கள் போட்ட சோறு.

அப்புறம், வீல் அலைன்மென்ட் பார்த்த தம்பி கோயம்புத்தூர் போய்விட்டதால் அந்த வேலை இனி சனிக்கிழமை மட்டும். கூலியும் 15 சதவீதம் கூடுகிறது, வெளிநாட்டுப் பாகங்களுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே.

டிராக் போகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாக வண்டியை விடுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கை எல்லாரும் எடுத்துப் போய்விடுங்கள், ஷெட்டில் இடமில்லை.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
காரைக்குடி