பார்க் சுங் ஹீ பற்றி நீ சொன்னதற்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். சியோல் மெட்ரோ, வாசலில் வைத்துவிட்டுப் போன பார்சல் அப்படியே இருப்பது, எல்லாம் சரி. கடைசியில், "நம்ம நாட்டுக்கும் பார்க் சுங் ஹீ மாதிரி ஒருத்தர் இருபது வருஷம் வேணும்மா" என்றாயே, அதற்கு அப்பா தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

தென்கொரியாவை ஆண்ட அந்த ராணுவ அதிபர் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1961-இல் ராணுவத்தை வைத்து அவர் ஆட்சியைப் பிடித்தபோது தென்கொரியாவில் தலைக்கு ஆண்டு வருமானம் 100 டாலர்கூட இல்லை. சியோலிலிருந்து பூசனுக்கு 428 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை 1970-இல் திறந்தார்கள். மூன்று வருஷத்தில் போஹாங் இரும்பாலை ஓடத் தொடங்கியது. ஏற்றுமதி செய்கிற முதலாளிக்கு மலிவு வட்டியில் கடன் கிடைத்தது.

ஆனால் அவர் வருவதற்கு முன்பே நடந்த ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1950 வாக்கில் அங்கே நிலத்தைப் பங்கிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 3 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. பெரிய பண்ணைகளின் கொட்டம் அதோடு அடங்கியது. குத்தகைக்கு உழுதவன் சொந்த நிலத்தில் உழுதான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினான். எழுதப் படிக்கத் தெரிந்த அந்தப் பிள்ளைகள்தான் பார்க் காலத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள்.

நான் பனியன் கம்பெனியில் தைத்தவள், அதனால் என் கண் தையல் மிஷின் பக்கம்தான் போகும். 1960-களில் கொரியா காரும் கப்பலுமா விற்றது? துணி, விக், பிளைவுட். சியோலில் சொங்க்யேசொன் ஓடைக்கரையில் பியோங்வா சந்தை என்று ஒன்று. ஒரே தளத்தின் உயரத்தை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிய தையல் அறைகள், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பதின்மூன்று பதினாலு வயதுப் பெண் பிள்ளைகள் அந்தத் துணித்தூசியில் 14 மணி நேரம் எடுபிடி வேலை செய்தார்கள்.

ஜியோன் தே-இல் அங்கே துணி வெட்டுகிறவர். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் அந்தப் பிள்ளைகளுக்குத் தின்ன வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தே போவார். வேலை நேரம், வார விடுமுறை பற்றியெல்லாம் 1953-லேயே சட்டம் வந்திருந்தது, புத்தகத்தில் மட்டும். அவர் மனு மேல் மனு போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, அந்தச் சட்டப் புத்தகத்தை எரிக்கக் கூடிய போராட்டத்தில், "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று கத்திக்கொண்டே தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். வயது 22. மேலே சொன்ன நெடுஞ்சாலையைத் திறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அவருடைய அம்மா லீ சோ-சொன். பணம் தருகிறோம், பேசாமல் அடக்கம் செய்துவிடுங்கள் என்றார்கள். மாட்டேன், என் மகன் கேட்டதைக் கொடுங்கள் என்று நின்றார். இரண்டு வாரத்தில் அந்தச் சந்தையில் தொழிற்சங்கம் வந்தது. 2011-இல் சாகும்வரை போராட்டம், சிறை என்று அலைந்தார். தொழிலாளர்களின் தாய் என்றுதான் அங்கே அவரைச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்ததோ, எனக்கு வந்திருக்காது.

அப்புறம் 1979 ஆகஸ்ட். மூடிய ஒரு விக் கம்பெனியின் பெண்கள் ஏறத்தாழ 200 பேர் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் புகுந்து இழுத்துப்போட்டது. அதில் ஒரு பெண் இறந்துபோனார். அவர்கள் பக்கம் நின்ற கட்சித் தலைவர் கிம் யங்-சாமை அக்டோபரில் நாடாளுமன்றத்திலிருந்தே நீக்கினார்கள். அவருடைய தொகுதி இருந்த பூசன் கொதித்தது, பக்கத்தில் மாசனும். அக்டோபர் 26 இரவு, பார்க்கை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். உறுதியான ஆட்சி என்கிறாயே, இதுதான் அதன் முடிவு. அதற்குப் பின்னும் விடியவில்லை. அடுத்த தளபதி வந்தார், 1980 மே மாதம் குவாங்ஜுவில் ராணுவம் சொந்த மக்களையே சுட்டது.

1987 ஜூனில் தெருவில் இறங்கித்தான் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கினார்கள். அந்தக் கோடை முழுக்க ஆலைக்கு ஆலை வேலைநிறுத்தம், அதன் பிறகு சம்பளம் துள்ளி ஏறியது. 2024 டிசம்பர் 3 ராத்திரி நீயே அங்கேதான் இருந்தாய். அதிபர் ராணுவச் சட்டம் என்று அறிவித்ததும் எம்.பி.க்கள் சுவரேறிக் குதித்துப் போய் 190 ஓட்டுப் போட்டு அதை முறித்தார்கள். பழைய பயம் மறக்காத ஜனங்கள், வெளியே குளிரில் நின்றார்கள். அடுத்து அதிபராக வந்த லீ ஜே-மியங் சின்ன வயதில் ஆலையில் வேலை செய்து, பிரஸ் மிஷினில் கை நசுங்கியவர்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்றும் நினைக்காதே. 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. ஓடி ஓடிச் சேர்த்த நாட்டில் பிள்ளை பெற யாருக்கும் தைரியம் வரவில்லை. அதற்கு எந்தத் தளபதியும் உத்தரவு போட முடியாது.

உன் வீட்டு ஓனரம்மாவுக்கு எழுபது வயது இருக்கும் என்றாயே. பதினைந்து வயதில் அவர் என்ன வேலை செய்தார் என்று ஒரு நாள் கேட்டுப் பார். சொல்லப் பிரியமில்லை என்றால் வற்புறுத்தாதே. சொன்னால் எனக்கும் எழுது, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா