‘செட்’டுக்கு ஒரு பொருள் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் பட்டியலை என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சென்ற வாரம் ‘செட்’ என்பதற்குத் ‘தொகுப்பு’ என்று மட்டும் போட்டுவிட்டீர்கள். ‘தி சன் செட்ஸ் இன் தி வெஸ்ட்’ என்பதை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘சூரியத் தொகுப்பு மேற்கில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு வந்தான். அவனை என்ன சொல்ல?

1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே இந்த வினைச்சொல்லுக்குத்தான். 400க்கு மேல் பொருள்கள். அவற்றை விளக்கச் சுமார் 60,000 சொற்கள்! அலாரம் வைப்பதும் செட், முறிந்த எலும்பைப் பொருத்துவதும் செட், கான்கிரீட் இறுகுவதும் செட். பின்னால் ‘ஆஃப்’ வந்தால் கிளம்புவது, ‘அப்’ வந்தால் நிறுவுவது. போதாததற்கு இறந்தகாலத்திலும் உருவம் மாறாது. நம் பங்குக்கு நாமும் ‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அது ஆங்கிலேயருக்கே புரியாது.

சரி, எல்லாவற்றையும் போடச் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று வாக்கியமாவது கொடுங்கள். இடம் போதாவிட்டால் பத்துச் சொல்லை ஐந்தாகக் குறையுங்கள். அப்புறம், எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என் போன்ற கண்ணாடிக்காரர்களுக்கு உதவும்.

— ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை, கும்பகோணம்.