பொருள்: பாகங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, பொருத்தம்தான் இல்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். ஆர்டர் விவரம், சீரியல் எண்கள், ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தளத்தில் பட்ஜெட்டைப் போட்டால் கேமிங் கம்ப்யூட்டருக்கான பாகங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் வசதி இருக்கிறதே, அதில் நான் 1080பி-யில் விளையாடுவேன், விளையாட்டை ரெக்கார்டு செய்வேன், பின்னாளில் பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு மாறுவேன் என்று மூன்று கட்டங்களிலும் டிக் அடித்து, அது சொன்ன பாகங்களில் ஒன்றைக்கூட மாற்றாமல் வாங்கினேன். 'நிபுணர்கள் சோதித்த சேர்க்கை' என்று அதற்கு மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

வந்த மெஷினில் புது விளையாட்டு எதைப் போட்டாலும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், புதிய இடத்துக்குள் நுழைந்ததும் படம் நின்று நின்று இழுக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும், ஆனால் அந்த இழுவையோடு யாரும் விளையாட முடியாது. கிராபிக்ஸ் கார்டை அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பினேன். 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பாஸ், குறை எதுவும் இல்லை' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டுப் புகாரையும் மூடிவிட்டீர்கள். கார்டில் குறை என்று நானும் சொல்லவில்லை. அந்தக் கார்டை அந்த ப்ராசஸரோடு சேர்த்து விற்றதுதான் குறை, அதைச் செய்தது நீங்கள்.

உங்கள் டெக்னீஷியன் படிப்பதற்காக விவரமாகவே எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த கார்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. அதில் 4 ஜிபி மெமரிதான், மதர்போர்டோடு பேசுவதற்கு 4 பிசிஐஇ லேன்தான், அதாவது தகவல் போய்வர நாலு பாதைதான். பிசிஐஇ-யின் 4.0 தலைமுறையில் அந்த நாலு லேனில் நொடிக்கு 8 ஜிபி அளவுக்குப் போகும், அதனால் ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் நீங்கள் அதோடு சேர்த்துக் கொடுத்த ப்ராசஸர் ரைசன் 5 5500. அது பாதி வேகமுள்ள பழைய பிசிஐஇ 3.0 வரைதான். எந்த மதர்போர்டில் மாட்டினாலும் அதேதான், 4.0 உள்ள பி550 போர்டு கொடுத்திருக்கிறோமே என்று பதில் எழுதிவிடாதீர்கள். ஆக 8 ஜிபி போக வேண்டிய வழியில் 4 ஜிபிதான் போகிறது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பஸ் இன்டர்ஃபேஸ் (கார்டும் போர்டும் பேசும் வழி) என்ற வரியில் 'எக்ஸ்4 4.0 @ எக்ஸ்4 3.0' என்றே காட்டுகிறது, அதாவது 4.0 கார்டு 3.0-இல் ஓடுகிறது, அந்தப் படமும் இணைப்பில் இருக்கிறது.

விளையாட்டு 4 ஜிபி மெமரிக்குள் அடங்கும் வரை இதெல்லாம் வெளியே தெரியாது. டெக்ஸ்சர்கள் (விளையாட்டில் பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) நிறைந்து கார்டின் மெமரி வழிய ஆரம்பித்ததும் மீதியை ரேமிலிருந்து அந்தக் குறுகிய வழியாகத்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டும், இழுவை வருவது அங்கேதான். டெக்ஸ்சரை மட்டும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கினால் அதே இடத்தில் அதே விளையாட்டு வழவழவென்று ஓடுகிறது, மற்ற செட்டிங் எதையும் தொடவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஸ்ட்ரெஸ் டெஸ்டில் ஏன் இது சிக்கவில்லை என்றால், அந்த மாதிரி டெஸ்ட் சின்ன ஒரு உருவத்தைக் கார்டுக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரைந்து சூடேற்றும், அவ்வளவுதான். மெமரியும் நிரம்பாது, பஸ்ஸைத் தொடவும் தொடாது. அதோடு உங்கள் சர்வீஸ் டேபிளில் இருக்கும் மெஷின் 4.0 உள்ளதாக இருந்தால், அங்கே நிஜமான விளையாட்டையே ஓட்டினாலும் என் நிலைமை அப்படியே வராது. எட்டாம் நம்பர் காலுக்கு ஆறாம் நம்பர் செருப்பைக் கொடுத்துவிட்டு, செருப்பில் கிழிசல் இல்லை என்று சான்றிதழ் தருகிற கதைதான் இது.

இந்த ப்ராசஸரும் கார்டின் சிப்பும் ஏஎம்டி-யுடையவை. ஏஎம்டி இதை எங்கும் ஒளித்து வைக்கவில்லை, இரண்டின் விவரப் பட்டியலிலும் வெளிப்படையாகவே இருக்கிறது. படித்துப் பார்க்கத்தான் உங்கள் நிபுணர்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

அப்புறம் ரெக்கார்டிங். அந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன் என்று சொன்னேன் அல்லவா? 6500 எக்ஸ்டி-யில் வீடியோவைச் சுருக்கும் என்கோடரே கிடையாது. விலை குறைந்த மற்ற கார்டுகளில்கூட இது சாதாரணமாக இருக்கும், இதில் எடுத்துவிட்டார்கள். அதனால் ரெக்கார்டு பட்டனை அழுத்தியதும் மொத்த வேலையும் ப்ராசஸர் தலையில் விழுகிறது, விளையாட்டையும் ஓட்டிக்கொண்டு வீடியோவையும் அதுவே சுருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் இருந்த அத்தனை கார்டுகளில் ரெக்கார்டிங் வேண்டும் என்றவருக்கு இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றால், அந்தக் கட்டம் வெறும் அலங்காரத்துக்குத்தானா?

ரேம் 16 ஜிபி என்று போட்டிருந்தது, சரி, 16 ஜிபி வந்தது. ஒரே ஸ்டிக்காக. மதர்போர்டில் நாலு ஸ்லாட் இருக்க, ஒன்றில் மட்டும் ரேம். டிடிஆர்4 3200 ஒரே ஸ்டிக்காகப் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காகச் சரியான ஸ்லாட்களில் போட்டால் அதன் இரட்டிப்பு. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமும் இருக்காது. இது போதாதென்று அசெம்பிள் செய்தவர் பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாமலே அனுப்பியதால் 3200 ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நானே சரிசெய்துகொண்டேன், அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அசெம்ப்ளி கட்டணம் என்று பில்லில் தனியாக ஒரு வரி இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி. இதற்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. டப்பாவின் மேல் 550 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. கேபினட்டின் பக்கவாட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தால் 12 வோல்ட் கட்டத்தில் 30 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 360 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான், மீதி வாட்டெல்லாம் இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டுவதற்காக இருக்கிறது. இப்போதுள்ள கார்டுக்கு 107 வாட், ப்ராசஸருக்கு 65, அதனால் இன்றைக்கு 360 போதும், மறுக்கவில்லை. ஆனால் பெரிய கார்டுக்கு மாறுவேன் என்றுதானே டிக் அடித்தேன்? கார்டுக்கு இதிலிருந்து வருவது ஒரே ஒரு 6 பின் வயர். இதைவிடப் பெரிய கார்டான ஆர்எக்ஸ் 6600 போடலாம் என்றால் அதற்கு 8 பின் வேண்டும். கன்வெர்ட்டர் வயர் போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் சாட்டில் ஒருவர் சொன்னார். இப்படி ஒரு எஸ்எம்பிஎஸ்ஸில் கன்வெர்ட்டர் போட்டு லோடு ஏற்றச் சொல்வதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டேன், அத்தோடு சாட் முடிந்துவிட்டது.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் எங்கேயாவது கை வைக்கத்தான் வேண்டும், அது எனக்கும் புரியும். ஆனால் இந்த பில்லில் கை வைத்த இடங்களைப் பாருங்கள்: கார்டு, ரேம், எஸ்எம்பிஎஸ். கை வைக்காத இடம், ஆறு ஆர்ஜிபி (கலர் லைட்) ஃபேன், அதற்கொரு ரிமோட், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஃபேன் காற்று கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன, பார்க்க அழகுதான். முன்பக்கம் வலை போட்ட சாதாரண கேபினட், அதனோடு வருகிற ஃபேன், இதில் மிச்சமாகும் பணத்தை அப்படியே கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் திருப்பியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. கேமிங் மெஷினுக்குக் குறைந்த பட்ஜெட்டில் முதலில் கார்டை முடிவு செய்து, அதற்குத் தோதாக மற்றதை எடுப்பார்கள். நீங்கள் கண்ணாடியில் ஆரம்பித்திருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். 6500 எக்ஸ்டி-யைத் திரும்ப எடுத்துக்கொண்டு 8 ஜிபி மெமரி உள்ள கார்டு கொடுங்கள். ஆர்எக்ஸ் 6600 என்றால் 8 லேன் இருக்கிறது, 3.0-இல் ஓடினாலும் பெரிதாக அடிபடாது, என்கோடரும் இருக்கிறது. விலை வித்தியாசத்தில் நியாயமான பங்கை நான் தருகிறேன், ஆனால் வாங்கிய கார்டுக்கு நான் கொடுத்த முழு விலையையும் கழிக்க வேண்டும், 'பயன்படுத்திய பொருள்' என்று தேய்மானம் பிடிக்கக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸை, ஸ்டிக்கரில் 12 வோல்ட்டிலேயே 500 வாட்டுக்கு மேல் காட்டுகிற, 8 பின் வயர் உள்ள ஒன்றாக மாற்ற வேண்டும், இதற்கு நான் ஒன்றும் தர மாட்டேன், ஏனென்றால் நீங்கள் சொன்ன 550-ஐத்தான் கேட்கிறேன். ரேமை இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காக மாற்றிக் கொடுங்கள். இதெல்லாம் முடியாது என்றால் மொத்த மெஷினையும் எடுத்துக்கொண்டு அசெம்ப்ளி கட்டணம் உட்பட முழுப் பணத்தையும் திருப்புங்கள். அட்டைப்பெட்டி, தெர்மாகோல், வாரண்டி ஸ்டிக்கர் எதுவும் போகவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று, அந்தச் சேர்க்கை இன்றைக்கும் உங்கள் தளத்தில் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் 'அதிகம் விற்பனையாவது' என்று ஒரு பட்டை வேறு. முதலில் அதை எடுங்கள்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், இல்லையென்றால் இதே இணைப்புகளோடு நுகர்வோர் புகார் கொடுப்பேன். பதிலை இந்தக் கடிதத்தைப் படித்த ஒருவர் எழுதட்டும், 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று முடிகிற மெயில் இனி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்