பனிமூட்டத்தில் ஃபிளாஷ் கூடாதா?

ஆசிரியருக்கு,

பனிமூட்டத்தில் படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கேமராவின் மேலேயே மாட்டிய ஃபிளாஷுக்கு அது முற்றிலும் சரி. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒளி, எதிரே மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகளாக விழும். அதே ஃபிளாஷைக் கழற்றி ஆளுக்குப் பின்னால் வைத்தால் கதையே வேறு. 1940, 50களின் குற்றக்கதைப் படங்களில் பார்த்த, இருட்டும் கீற்று வெளிச்சமுமான ஃபிலிம் நுவார் பாணிக்கு நீலகிரியைப் போல வாய்ப்பான ஊர் அமைவது அரிது. ஸ்டுடியோ விளக்குகள் தேவையில்லை. ஒரு சாதாரண ஃபிளாஷ், தூரத்தில் இருக்கும் அதைக் கேமராவிலிருந்து வயரில்லாமல் இயக்கும் ரேடியோ டிரிக்கர், ஸ்டாண்டு, கறுப்பு சார்ட் பேப்பர், இன்சுலேஷன் டேப் போதும்.

முதலில், இருக்கிற வெளிச்சத்தை ஒழிக்க வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8, ஷட்டர் 1/200 விநாடி என்று வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது கறுப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் ஷட்டரை மேலே ஏற்றாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250ஐத் தாண்டினால் ஷட்டர் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருப்பதில்லை, ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். அப்பர்ச்சரை எஃப் 11க்குச் சுருக்கி, ஃபிளாஷின் சக்தியை இரு மடங்காக்குங்கள். ஃபிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் டிடிஎல் முறை வேண்டவே வேண்டாம். இருட்டான காட்சியைப் பார்த்ததும் அது வெளிச்சத்தைக் கொட்டி முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். மிரர்லெஸ் கேமராவில் இந்த அளவுகளில் திரையே இருண்டுபோகும். படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று திரையில் முன்கூட்டிக் காட்டும் எக்ஸ்போஷர் பிரிவியூவை மெனுவில் அணைத்துவிட்டு, டார்ச் அடித்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நுவார் என்றதும் எல்லோரும் வெனிஷியன் பிளைண்டு எனும் பட்டைத் திரையின் நிழலைத் தேடுகிறார்கள். நம் வீடுகளின் கம்பி போட்ட ஜன்னல் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஃபிளாஷை வெளியே, ஜன்னலிலிருந்து 3 மீட்டர் தள்ளி, முகத்தைவிடச் சற்று உயரமாக வையுங்கள். ஆள் உள்ளே கம்பியிலிருந்து அரை மீட்டரில் நிற்கட்டும். ஃபிளாஷின் வீச்சைச் சொல்லும் எண் கைடு நம்பர். ஃபிளாஷ் தலையை 105 மி.மீ. ஜூமில் வைத்தால் 58 என்றிருக்கும் அந்த எண், 1/4 சக்தியில் பாதியாகி 29 ஆகும். அதை எஃப் 8 ஆல் வகுத்தால் சுமார் 3.6 மீட்டர்; கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய தூரமேதான்.

கம்பியின் நிழல் மங்கலாக வருகிறது என்று பலர் ஃபிளாஷைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் ஃபிளாஷ் தலை நிற்கும் வாகுதான். ஒளி வரும் முகம் சுமார் 7 செ.மீ. அகலமும் 4 செ.மீ. உயரமும் கொண்டது. கம்பிகள் செங்குத்தானவை என்பதால் அகலப் பக்கமே நிழலைக் கலைக்கிறது. மேற்சொன்ன தூரங்களில் 7 செ.மீ. முகம் நிழலின் விளிம்பை 1.2 செ.மீ.க்குப் பரப்பும், 12 மி.மீ. கம்பியின் நிழல் அதிலேயே கரைந்துவிடும். ஃபிளாஷைப் பக்கவாட்டில் சாய்த்து நெட்டையாக நிறுத்தினால் பரவல் 7 மி.மீ.யாகக் குறைந்து கோடு தெளியும். இன்னும் கூர்மை வேண்டுமானால் இருபுறமும் டேப் ஒட்டி, நடுவே 1 செ.மீ. கீற்று மட்டும் விடுங்கள். வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும், சக்தியை முழுதாக ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் டேப் சூடேறாதபடி விட்டுவிட்டு அடிக்க வேண்டும். பட்டை அகலமாக வர, கம்பிகளில் இரண்டங்குல சார்ட் துண்டுகளைச் சுற்றலாம். கண்ணாடிக் கதவைத் திறந்து வைக்க மறக்க வேண்டாம். நம் குளிரில் கண்ணாடி வியர்த்துப் பூத்திருக்கும்; அந்த ஈரம் ஒளியைச் சிதறவைத்து எல்லா நிழலையும் மழுக்கிவிடும்.

சின்ன அறையில் இன்னொரு தொல்லை உண்டு. வெள்ளைச் சுவரில் பட்ட ஒளி திரும்பி வந்து, இருட்டாக இருக்க வேண்டிய கன்னத்தை வெளுக்கவைக்கும். அந்தப் பக்கம் ஆளுக்கு ஓரடி தூரத்தில் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். இரண்டாவது ஃபிளாஷ் வாங்குவதைவிட இது படத்துக்கு அதிகம் உதவும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனி பனிமூட்டம். நீர்த்துளி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கை முன்னோக்கியே சிதறவிடும். எனவே ஆளுக்குப் பின்னால் 2 மீட்டரில், கேமராவை நோக்கி ஃபிளாஷை வைத்து, அது லென்ஸுக்குத் தெரியாதபடி ஆளின் உடம்பாலேயே மறையுங்கள். 1/8 சக்தியில் தொடங்கலாம். குடையின் விளிம்பும் தோளும் மின்ன, சுற்றியுள்ள மூட்டம் ஒளிரும். எங்கள் ஊரின் டால்பின்நோஸ், லேம்ஸ்ராக் மலைமுனைகள் பக்கம் ஏறிவரும் மஞ்சு நிமிடத்துக்கு நிமிடம் அடர்த்தி மாறும். ஒவ்வொரு படத்துக்கும் சக்தியைத் திருகாமல் ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு எடுத்துத் தேர்ந்துகொள்வதே நல்லது. மூட்டம் மிக அடர்த்தியானால் ஃபிளாஷை ஒன்றரை மீட்டருக்கு நெருக்குங்கள்.

கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்து, பிறகு கணினியில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அங்கே தேர்ந்தெடுக்கும் சிவப்பு ஃபில்டர் முகத்தை வெளுக்கவைக்கும், உதட்டையும் சேர்த்து அழித்துவிடும். பச்சை, உதட்டை அடர்த்தியாக்கும். ஊட்டி இந்துநகரின் எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) ஆலையில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரான காலத்தில், இதைக் கண்ணாடி ஃபில்டர் மாட்டி, கழுவிய பிறகே பார்க்க முடிந்தது. இன்று உடனே தெரிகிறது, பயன்படுத்திக்கொள்ளலாமே.

உறைபனிக் காலத்தில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி தாங்கும். குளிரில் இருந்த கேமராவை வீட்டுக்குள் கொண்டுவரும் முன், வாசலிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, அரை மணியாவது கழித்துத் திறங்கள். தூறலில் ஃபிளாஷுக்கும் பிளாஸ்டிக் கவர் அவசியம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலைப்பாதை வளைவுகளில் வண்டி வரும் திசையை நோக்கி ஃபிளாஷ் அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய ஓட்டுநரின் கண் மீளச் சில விநாடிகள் ஆகும், கொண்டை ஊசி வளைவில் அந்த விநாடிகள் இல்லை. தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டுமாடு நின்றால் ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பின்வாங்குங்கள். படத்துக்கு வீட்டு முற்றமும் கம்பி ஜன்னலுமே போதும்.

ஒளிப்படக் கலைஞர்கள் சிலர்,
குன்னூர்