வரைபடம் போடுமுன் எங்களைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நகரச் சீரமைப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அகலச் சாலைகளையும் அடுக்குமாடிகளையும் விரிவாக விளக்கியவர், அந்தத் தெருக்களில் ஏற்கெனவே குடியிருப்பவர்களை யார், எப்போது கலந்து பேசவேண்டும் என்பதைத் தொடவே இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழ்பவன் என்ற முறையில் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் தாத்தா நகராட்சித் தொழிலாளி. மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் 1950இல் வந்த பிறகு, 1960களில் அக்குடியிருப்பு காலிசெய்யப்பட்டு, அங்கிருந்தவர்கள் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். புதிய ஊரின் பகுதிகளுக்குப் பெயர்கூட வைக்காமல் எண்தான் கொடுத்தார்கள். என் ஆயா அந்த எண்ணைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. யாராவது வழி கேட்டால், கோயிலையோ முக்குக் கடையையோ சொல்லித்தான் வீட்டைக் காட்டுவார்.

டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரிலும் மக்களை அப்புறப்படுத்தினார்கள். ஆனால் 1947இல் கட்டப்பட்ட அம்பலவாணர் ஆலயம் அங்கேயே நின்றது. காவடிக்கு நாங்கள் பேருந்து ஏறி அங்கேதான் போனோம்.

இதே நகரத்தில் நல்ல முன்மாதிரியும் உண்டு. சந்தைகள் நிறைந்த வார்விக் சந்திப்பில் 1990களில் நடந்த சீரமைப்பில், வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசி, பயன்படாமல் கிடந்த மேம்பாலத்தின் மேலேயே மூலிகைச் சந்தையை அமைத்தார்கள். அதன் அருகிலேயே 1910 முதல் இயங்கும் அதிகாலைச் சந்தை இருக்கிறது. 2009இல் அவ்விடத்தில் வணிக வளாகம் கட்டத் திட்டம் வந்தபோது வியாபாரிகள் விடாமல் எதிர்த்து நின்றதால்தான் அச்சந்தை இன்றும் இருக்கிறது. நான் வாடிக்கையாகப் போகும் அக்கா கறிவேப்பிலைக் கட்டுகளை ஈரச்சாக்கில் மூடி வைத்திருப்பார். பக்கத்துக் கடையில் சூலு இனத்து அம்மா ஒருவர், நாங்கள் மடும்பி என்று சொல்லும் கிழங்கை மண்ணோடு குவித்திருப்பார். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வார். இந்த உறவு எந்த வரைபடத்திலும் வராது. வரைபவர் அங்கே போய் நின்றால்தான் தெரியும்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் ஒரு சாலையை விரிவாக்குவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வேலைநாளில், காலை பத்து மணிக்கு! வந்திருந்த பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். அச்சடித்த வரைபடத்தை விரித்தபோது, காவடி ஊர்வலம் திரும்பும் முனை, வண்டிகள் நிறுத்தும் இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது. நான் எழுந்து சொன்னேன்; குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இதுவரை பதில் இல்லை.

உள்ளாட்சி நிர்வாகத்தில் மக்கள் பங்கேற்பை ஊக்குவிக்கவேண்டும் என்று எங்கள் நாட்டின் 2000ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டம் கூறுகிறது. அறுபது ஆண்டு கடந்த கட்டடத்தை அனுமதியின்றி மாற்றக்கூடாது என்று 1999ஆம் ஆண்டின் மரபுச் சட்டம் சொல்கிறது. சாட்ஸ்வொர்த்தின் முதல் வீடுகள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன. ஆனால் அச்சட்டம் சுவரைக் காக்கும். தெருவில் ஊர்வலம் போகும் வழியைக் காக்காது. ஆகவே, கோடு போடுவதற்கு முன்பே திட்டமிடுவோர் குடியிருப்பாளர்களோடு ஒரு சனிக்கிழமை மாலை அந்தத் தெருவில் நடந்து பார்க்கவேண்டும். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை எழுத்தில் தரவேண்டும்.

தாங்களும் இப்பொருளில் அடுத்த கட்டுரையை வெளியிடுமுன், தங்கள் நிருபர் ஒருவரை விடியற்காலையில் அதிகாலைச் சந்தைக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர்,
டர்பன்