ஆக்டேவ் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

எண்சார் கணக்கீட்டுக்கான கட்டற்ற மென்பொருளான குனூ ஆக்டேவைக் கட்டிக்காக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மாணவர்களுக்கு எண்சார் கணிதம் கற்பிப்பவன் நான். இதே பணிக்கான வணிக மென்பொருளாகிய மேட்லேப்பின் மொழியில் எழுதிய நிரல் ஆக்டேவில் வேறு விடை தந்தால் அதைப் பிழையாகவே கருதுவது உங்கள் நெடுநாள் வழக்கம். போட்டி மென்பொருளின் இலக்கணத்தை இப்படி அடியொற்றுவது தன்மானக் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மேட்லேப்பை விற்கும் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கியது 1984-இல். அன்று முதல் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் ஆய்வகக் கணினிகளிலும் குவிந்த நிரல்கள் எழுதியவர்களின் உழைப்பு. 2020-இல் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் சேர்ந்ததால், சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகம் மேட்லேப்பைப் பயன்படுத்தும் உரிமையை இழந்தது. அங்குள்ள மாணவர்கள் எழுதிய கோப்புகள் அவர்களிடமேதான் இருந்தன, அவற்றை இயக்கும் உரிமைதான் போயிற்று. அப்படிப்பட்ட நாளில் அதே கோப்பை அப்படியே திறந்து இயக்க ஒரு மென்பொருள் வேண்டும். புதிய பயனர்களை இழுப்பதைவிட, ஏற்கெனவே எழுதியவர்களைக் கைவிடாமல் இருப்பதற்காகவே இந்த ஒற்றுமையை நான் மதிக்கிறேன்.

என் கவலை வேறு. ஒன்றுபோலத் தோன்றி, வேறு பொருள் தரும் இடங்கள்தாம் அது.

இரட்டை மேற்கோள்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்டேவில் அது தொடக்கக் காலத்திலிருந்தே உண்டு. அதற்குள் இருப்பது எழுத்துகளின் வரிசை. மேட்லேப் 2017-இல்தான் அதே குறியைச் சேர்த்தது, ஆனால் அங்கே அது சரம் என்னும் தனி வகை. சென்னை என்ற பெயரை ஏழு ஆங்கில எழுத்துகளில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதி, அதன் நீளத்தைக் கேளுங்கள். எழுத்துகளை எண்ணி ஆக்டேவ் 7 என்கிறது, முழுச் சரத்தையும் ஒரே உறுப்பாகக் கொண்டு மேட்லேப் 1 என்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளான ஏ, பி இரண்டையும் அப்படியே எழுதிக் கூட்டினால் மேட்லேப் அவற்றை ஒட்டித் தரும். ஆக்டேவோ அவ்வெழுத்துகளின் குறியீட்டு எண்களான 97-ஐயும் 98-ஐயும் கூட்டி 195 என்று சொல்லும். இரண்டு இடத்திலும் பிழைச் செய்தி வராது. அந்த எண் அடுத்த வரிக்கும் அதற்கடுத்த சார்புக்கும் போய்விடும். கற்றுக்கொள்ளும் மாணவர் தம் தருக்கத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்.

உங்களுக்கே உரிய கூடுதல் வசதிகள் இப்படித் தீங்கு செய்வதில்லை. # குறியால் தொடங்கும் குறிப்புரையை மேட்லேப்பில் இட்டால் அது உடனே மறுத்துவிடும், மாணவரும் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார். அவற்றை நீக்கச் சொல்பவர்களுக்குச் செவிசாய்க்காதீர்கள்.

இரட்டை மேற்கோளின் பொருளை நாளையே மாற்றுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அதை நம்பி ஆண்டுக்கணக்கில் ஆக்டேவிலேயே எழுதியவர்களின் கோப்புகளும் காக்கப்பட வேண்டியவையே. நான் கேட்பது எச்சரிக்கை. அளவு வேறுபட்ட எண் அணிகளை (மேட்ரிக்ஸ்) தானாகவே விரித்துக் கணக்கிடும் வசதியை 2012-இல் 3.6 பதிப்பில் கொண்டுவந்தபோது, அது செயல்படும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை காட்டினீர்கள். சிலருக்கு அது எரிச்சலூட்டியிருக்கலாம், ஆனாலும் சரியான முடிவு. அதே வசதியை மேட்லேப் 2016-இல் ஏற்றுக்கொண்டது. எழுத்தை எண்ணாக மாற்றும்போது எச்சரிக்கும் அமைப்பும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதை இயல்பிலேயே இயங்கும்படி செய்யுங்கள். வேண்டாதவர்கள் ஒரே வரியில் அணைத்துக்கொள்ளட்டும். நீளத்துக்கும் அளவுக்கும் இதுபோன்ற ஒன்றைச் சேருங்கள்.

இரு மென்பொருள்களும் ஓசையின்றி வேறுபடும் இடங்களுக்கான சிறு சோதனை நிரல்களை எழுதித் தர நானும் என் மாணவர்களும் அணியமாக இருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்